காது கேட்கிறது, தொண்டை கேட்க மாட்டேன் என்கிறது

"எனக்குப் பாட்டெல்லாம் வராதுங்க" என்று சொல்கிறவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். கல்யாண ரிசப்ஷனில் லைட் மியூசிக் பாடுகிறவர் சரணத்தில் உச்சத்துக்குப் போகும்போது சறுக்கினால் உங்களுக்குத் தெரிகிறதா? கிட்டத்தட்ட எல்லோருமே தெரியும் என்கிறார்கள். சிலர் அந்த இடத்தைப் பாடிக் காட்டப் போய், அவர்களும் சறுக்கி, தாங்களே சிரித்துவிடுகிறார்கள். சறுக்கியது காதில் விழுந்ததால்தானே சிரிப்பு வருகிறது? அப்படியென்றால் காதில் ஒரு கோளாறும் இல்லை.

ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சுரங்களின் ஏற்ற இறக்கம் பிறவியிலேயே பிடிபடாத நிலை ஒன்று உண்டு. அதற்கு அமியூசியா என்று பெயர். கனடாவின் மான்ட்ரியால் நகரத்தில் இசபெல் பெரெட்ஸ் என்கிற ஆய்வாளர் பல வருடங்களாக இதை ஆராய்ந்துவருகிறார். அமியூசியா உள்ளவருக்கு, நன்றாகத் தெரிந்த பாட்டைக்கூட வரிகளை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் வாசித்தால் எந்தப் பாட்டு என்று தெரியாது. அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு நாலு பேர் என்று முதலில் சொன்னார்கள். பிற்பாடு வந்த கணக்கு அதையும் ஒன்றரை என்று குறைத்துவிட்டது. தனக்குப் பாட வராது என்று சொல்லிக்கொள்பவர்களை எண்ணினால் எந்த வீட்டிலும் பாதிப் பேராவது தேறுவார்கள். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் என்னதான் பிரச்சினை?

2012இல் ஷான் ஹட்சின்ஸும் பெரெட்ஸும் சேர்ந்து செய்த ஒரு ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. விரலை நகர்த்தினால் சுருதி ஏறி இறங்குகிற ஒரு பட்டையைக் கையில் கொடுத்தார்கள். ஒரு ஒலியைக் கேட்க வைத்து, அதே ஒலியைப் பட்டையில் கொண்டுவரச் சொன்னார்கள். அப்புறம் அதையே வாயால் செய்யச் சொன்னார்கள். இசை படிக்காதவர்களும் விரலால் பெரும்பாலும் சரியாகத் தொட்டுவிட்டார்கள். வாயால் என்று வந்தபோதுதான் பலர் தடுமாறினார்கள். கேட்ட சுரம் எது என்று மூளைக்குத் தெரிந்திருக்கிறது, அதைத் தொண்டைக்குச் சொல்லி வேலை வாங்கத்தான் தெரியவில்லை. இடது கையால் எழுதச் சொன்னால் நமக்கு என்ன ஆகும்? எழுத்தின் வடிவம் மறந்தா போய்விடுகிறது? கை கோணுகிறது, அவ்வளவுதான்.

நாற்பதைத் தாண்டிய பிறகு ஸ்ரீரங்கத்தில் ஒரு பாட்டு டீச்சர் வீட்டுத் திண்ணையில், என் இடுப்பு உயரப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கர்நாடக இசையின் ஆரம்பப் பாடமான சரளி வரிசை ஆரம்பித்தவன் நான். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கட்சி உண்டு, மறைக்கவில்லை. பயிற்சி இல்லாத ஒரு சாதாரண ஆள் முன்பைவிட நன்றாகப் பாட முடியுமா என்றால், முடியும். ஆனால் எல்லோரும் தேடுகிற இடத்தில் அந்த முன்னேற்றம் இருப்பதில்லை.

தொண்டையின் சிக்கல் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். குரல் நாண்கள் என்பவை இரண்டு சின்ன மடிப்புகள். பெரிய ஆணுக்கே இரண்டு செண்டிமீட்டர் நீளத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நாம் பேசும்போது ஆண் குரலில் வினாடிக்குச் சுமார் 100 முதல் 130 தடவை, பெண் குரலில் 200 தடவைக்கு மேல் அவை மூடித் திறக்கின்றன. சுரம் ஏற வேண்டுமென்றால் அவை இன்னும் இழுபட்டு மெல்லிசாக வேண்டும். வீணையில் எந்தப் பித்தளை மெட்டில் விரல் இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கீபோர்டில் கட்டையைத் தடவிப் பார்க்கலாம். தொண்டையில் பார்க்கவும் முடியாது, தொடவும் முடியாது. நம்மிடம் இருப்பது காது ஒன்றுதான்.

அந்தக் காதும் நம் குரல் விஷயத்தில் முழு உண்மையைச் சொல்வதில்லை. நம் குரல் காற்று வழியாக மட்டும் நமக்கு வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. எலும்பு கீழ்ஸ்தாயி ஒலிகளை நன்றாகக் கடத்தும். அதனால் உள்ளே இருந்து கேட்கும்போது நம் குரல் கொஞ்சம் கனமாக, கம்பீரமாகவே இருக்கும். வாட்ஸப்பில் அனுப்பிய ஆடியோவைத் திரும்பப் போட்டுக் கேட்டால் "இது யார்டா?" என்று தோன்றுவது அதனால்தான். அந்த மெல்லிசான, மூக்கடைத்த மாதிரியான குரலைத்தான் ஊர் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பாட்டை மேம்படுத்த நினைப்பவர் செய்யக்கூடிய முதல் வேலை இதுதான்: போனில் பதிவு செய்து கேட்பது. முதல் சில நாள் கொடுமையாக இருக்கும். சிலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்சம் தாங்கிக்கொண்டால் குரலின் அழகு பற்றிய வருத்தம் மரத்துப்போகும். அதற்கு அப்புறம்தான் சுரம் எங்கே விலகுகிறது என்று காது நிதானமாகக் கவனிக்க ஆரம்பிக்கும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனசில்லை. தமிழ்நாட்டில் படித்த யாருமே "நான் பாடினதே இல்லை" என்று சொல்ல முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியிருக்கிறோம். மெட்டு எம்.எஸ். விஸ்வநாதன் போட்டது. மோகன ராகம், மூன்றன் நடைத் தாளம். ஐந்தே சுரங்கள் கொண்ட ராகம் என்பதால் குழந்தைகளுக்கு இதைவிடத் தோதான மெட்டு அமைவது கஷ்டம். அரசாணை 55 வினாடிகளில் பாடி முடிக்கச் சொல்கிறது. இவ்வளவு இருந்தும் எங்கள் மைதானத்தில் என்ன நடந்தது? மைக் முன்னால் நாலு மாணவிகள். அவர்களில் ஒருத்தி எந்த இடத்தில் எடுத்தாளோ அதுதான் அன்றைக்குச் சுருதி. குரல் உடைந்துகொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு அது எட்டாது. நாங்கள் பாதி வரி அடித்தொண்டையிலும் பாதி வரி கத்தலிலுமாக ஓட்டினோம். "வாயை மட்டும் அசை, சத்தம் வர வேண்டாம்" என்று வரிசையில் வந்து சொல்லிவிட்டுப் போன ஒரு ஆசிரியரும் உண்டு. குரல் உடையும் வயதில் ஒரு பையனிடம் இப்படிச் சொன்னால் அவன் அப்படியே இருபது முப்பது வருடம் வாயை மட்டும் அசைப்பான்.

அமெரிக்காவில் ஸ்டீவன் டெமரெஸ்ட் என்ற இசைக் கல்விப் பேராசிரியரும் பீட்டர் ஃபோர்ட்ரெஷரும் 2015இல் ஒரு ஒப்பீடு வெளியிட்டார்கள். மழலையர் வகுப்புப் பிள்ளைகள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள் ஆகிய மூன்று கூட்டத்தையும் பாடவைத்துச் சுரசுத்தம் பார்த்தார்கள். மழலையரைவிட ஆறாம் வகுப்பு நன்றாகவே முன்னேறியிருந்தது. கல்லூரிக்காரர்களோ சில பயிற்சிகளில் மழலையர் அளவுக்கே திரும்பியிருந்தார்கள். வகுப்பில் பாடுகிற வரைக்கும் வளர்கிறது, விட்டால் துருப்பிடிக்கிறது. பிறவி வரம் என்றால் பன்னிரண்டு வயதில் இருந்தது இருபது வயதில் எங்கே போயிற்று?

சரி, தேடுகிற இடம் தப்பு என்றேனே, அதற்கு வருகிறேன். பாட வேண்டும் என்று ஆசைப்படுகிற ஆண்கள் பெரும்பாலும் ஆரம்பிப்பது சினிமாப் பாட்டில், அதுவும் அசல் பாடகரின் சுருதியில். அந்தப் பாடகர் தொழிலாக உச்சஸ்தாயியில் உலாவுகிறவர். நமக்கோ அந்தப் பாட்டின் பல்லவியே மூச்சை வாங்கும், சரணத்தில் கழுத்து நரம்பு புடைக்கும். அங்கே சுரம் தப்புகிறது. உடனே "நமக்கு வராது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். தீர்ப்பு எழுத வேண்டியது அந்தச் சுருதிக்கு.

கர்நாடக இசையில் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஒன்றாம் கட்டை என்றால் கீபோர்டில் ஸி. ஒன்றரை அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை. இரண்டு என்றால் டி, ஐந்து என்றால் ஜி. ஆண்களுக்குப் பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டுக்குள், பெண்களுக்கு ஐந்திலிருந்து ஆறுக்குள் அமையும். நான் போனபோது எனக்கு எது என்றே தெரியாது. கூச்சத்தோடு ஒரு பழைய சினிமாப் பாட்டை எடுத்தேன்.

டீச்சர் ரெண்டு வரி கேட்டுவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினார். "இது உங்க குரல் இல்ல சார். அவரோட குரல்ல நீங்க கத்தறீங்க. கொஞ்சம் பேசுங்க."

"என்ன பேசணும் டீச்சர்?"

"பஸ்ல வந்தீங்களா, வண்டில வந்தீங்களா, அதச் சொல்லுங்க போதும்."

நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் சுருதிப்பெட்டியின் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, ஸ சொல்லச் சொன்னார். அதிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கச் சொன்னார். மந்திரஸ்தாயி பஞ்சமம், அதாவது கீழ் ப, வரை சத்தம் காற்றாகாமல் வந்தது. மேலே போகச் சொன்னார். தாரஸ்தாயி காந்தாரத்தில், அதாவது மேல் கவில், நின்றுவிட்டேன். "ஒண்ணாம் கட்டை. மேல மத்யமமும் பஞ்சமமும் போகப்போகத் திறந்துக்கும். இனிமே எந்தப் பாட்டா இருந்தாலும் இங்கதான்." அன்றைக்கு வேறு பாடமே நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து, அதே சினிமாப் பாட்டை அந்த ஸவில் வைத்துப் பாடிப் பார்த்தேன். வீட்டில் இருந்தவர்கள் எழுந்து போகவில்லை.

பயிற்சி எதுவும் இல்லாமலே ஒரே நாளில் கிடைக்கிற முன்னேற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது சுருதி மாற்றம்தான். பல கரோக்கி ஆப்களில் சுருதியைக் கூட்டிக் குறைக்கிற வசதி இருக்கும். ரெண்டு மூணு படி இறக்கிப் பாடிப் பாருங்கள். நிறையப் பேர் இதைத் தோல்வி மாதிரி நினைக்கிறார்கள். எந்த வித்வானும் அடுத்தவர் சுருதியில் கச்சேரி செய்வதில்லை.

சுருதி அமைந்த பிறகு வருவதுதான் சலிப்பான பகுதி. முதலில் ஸ. அதை மட்டும். சுருதிப்பெட்டியோடு சேர்ந்து நிற்கிற ஒரே சுரம். கேட்க எளிதாகத் தோன்றும். நான் வாயைத் திறந்தால் ஸ கீழே எங்கேயோ ஆரம்பித்து வழுக்கி மேலே வந்து சேரும். டீச்சருக்கு அது பிடிக்காது.

"கீழேருந்து தேடிக்கிட்டு வராதீங்க சார். முதல்ல மனசுக்குள்ள ஸ கேக்கணும். கேட்டாச்சா? அப்புறம் வாயத் திறங்க."

நான் கற்றுக்கொண்டதிலேயே உருப்படியான பாடம் இதுதான் என்று நினைக்கிறேன். பாடிவிட்டுத் திருத்துவது வேறு, கேட்டுவிட்டுப் பாடுவது வேறு. வாயைத் திறப்பதற்கு முன்னால் அரை வினாடி நிறுத்தி, வரப்போகிற சுரத்தை உள்ளே கேட்டுவிட்டால் தொண்டை ஓரளவு தானாகவே தயாராகிவிடுகிறது. பக்கத்தில் இருந்த ஏழு வயசுக் குழந்தைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியே இருக்கவில்லை. "அங்கிள், நீங்க லேட்டா பாடுறீங்க" என்றது. நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அதனிடம் எப்படிச் சொல்வது?

அதற்கு அடுத்தது மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புரந்தரதாசர் என்பது மரபு. ஆரம்பிக்கிறவர்களுக்கு ஏன் இந்த ராகம் என்பதற்கு நல்ல காரணம் உண்டு. ஸவுக்கு மேலே ரி அரைச் சுரம் தள்ளி ஒட்டிக்கொண்டு இருக்கும். ரியிலிருந்து க ஒன்றரைச் சுரம், ஒரு தாவல். கவிலிருந்து ம மறுபடி அரை. பஞ்சமத்துக்கு மேலேயும் அச்சாக இதே அமைப்பு: அரை, ஒன்றரை, அரை. ஒட்டி நிற்கிற சுரம், தாவிப் பிடிக்கிற சுரம் இரண்டும் பழகிவிடுகின்றன. கீழ்ப்பாதி வந்தால் மேல்பாதியும் வந்தாக வேண்டும். சினிமாப் பாட்டில் ஊறிய பெரியவர்களுக்கு இங்கே ஒரு பிடிவாதம் இருக்கும். ரி மேலே மேலே ஏறும். காது பழகியது சங்கராபரண வகையறாவின் முழு ரி என்பதால் இந்தச் சுத்த ரிஷபத்தை உடம்பு ஏற்றுக்கொள்ளாது. எனக்கு ஏறும்போது சரியாக இருந்த ரி, க ரி ஸ என்று இறங்கும்போது கெட்டுப்போகும். அந்த ஒரு இறக்கத்தில் மழைக்காலம் முழுக்கப் போனது.

மெதுவாகப் பாடுவது பற்றியும் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. சிமோன் டல்லா பெல்லாவும் சகாக்களும் மான்ட்ரியாலில் பொது இடங்களில் போகிற வருகிற ஜனங்களைப் பிடித்து, அந்த ஊரில் பிறந்தநாளுக்கு எல்லோரும் பாடுகிற ஒரு பாட்டைப் பாடவைத்துப் பதிவு செய்தார்கள். 2007இல் வெளிவந்தது. சாதாரண ஜனங்கள் பாடகர்களைவிட வேகமாகப் பாடினார்கள், சுரப்பிழையும் அதிகமாக இருந்தது. அவர்களில் சிலரையே மெதுவாகப் பாடச் சொன்னபோது பிழை குறைந்துவிட்டது. கூச்சம் வந்தால் நாம் எல்லோருமே ஓட்டமாகப் பாடி முடித்துவிடத்தான் பார்க்கிறோம். சரளி வரிசையை முதல் காலத்தில் தாளம் போட்டு இழுத்து இழுத்துப் பாடச் சொல்வதன் பலன் அந்த ஓட்டத்தை நிறுத்துவதுதான். ஜண்டை வரிசைக்குப் போனால் ஸஸ ரிரி என்று இரண்டாவது சுரத்தை அடிவயிற்றிலிருந்து தட்டிக் கொடுக்க வேண்டும். மூச்சுப் பயிற்சி என்று தனியாக நான் எதுவும் செய்யவில்லை. தோள் உயராமல் மூச்சு எடுக்க வேண்டும், தாடையை இறுக்கக் கூடாது. இந்த இரண்டும் ஜண்டையிலேயே வந்துவிட்டன.

குரல் வளம் பெருக்குகிற கைவைத்தியம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு எல்லாம் தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் விழுங்குகிற எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை. அது உணவுக்குழாயில் போகிறது, நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். தொட்டால் புரையேறிவிடும். நாள் முழுக்கப் போதுமான தண்ணீர் குடிப்பதும், ஆவி பிடிப்பதும், கத்தாமல் இருப்பதும் உதவும். மூணு வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் சுக்குக் கஷாயத்தை விட்டுவிட்டுக் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போக வேண்டும்.

இப்போது ஆப்கள். கரோக்கி இயந்திரத்தை 1971இல் ஜப்பானின் கோபே நகரில் செய்தவர் தைசுகே இனோவே. மற்றவர்களைச் சகித்துக்கொள்ள மனிதர்களுக்கு ஒரு புது வழி காட்டினார் என்று சொல்லி 2004இல் அவருக்கு, நோபலைக் கேலி செய்து வேடிக்கையாகத் தருகிற இக் நோபல் சமாதானப் பரிசைக் கொடுத்தார்கள். எனக்குக் கரோக்கி மேல் விரோதம் இல்லை. மூடிய அறைக்குள் ஒரு மனிதனைப் பாடவைத்ததே பெரிய உபகாரம். ஆனால் கற்றுக்கொள்ள நினைப்பவர் அதில் இருக்கிற எதிரொலியையும் சுருதி திருத்தத்தையும் அணைத்துவிடுவது நல்லது. ஆட்டோட்யூன் 1997இல் வந்தது. அதைச் செய்த ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன்னால் எண்ணெய்க் கம்பெனிகளுக்காகப் பூமிக்குள் அனுப்பிய ஒலியலைகளை அலசிக்கொண்டிருந்தவர். அபாரமான மூளை. ஆனால் அந்தத் திருத்தம் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் விலகிய இடம் உங்களுக்கே தெரியாது. தெரியாததைத் திருத்த முடியாது. மாறாக, கிடார்க்காரர்கள் பயன்படுத்தும் ட்யூனர் ஆப் ஒன்று போதும். ஸ பிடித்தால் முள் நடுவில் நிற்கிறதா என்று காட்டிவிடும். தொண்டைக்குக் கண் இல்லாத குறைக்கு அது ஒரு கண். ஆனால் கமகத்தோடு, அதாவது சுரத்தை அசைத்துப் பாடும்போது முள் நடனமாடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது எஸ்.பி. பாலசுப்ரமணியத்தைச் சொல்லிவிடுவார்கள். "அவர் முறையா கத்துக்கிட்டாரா என்ன?" உண்மைதான், அவர் முறையாகக் கர்நாடக இசை பயிலாதவர். கர்நாடக இசையே உயிரான ‘சங்கராபரணம்’ படத்தில் பாடித் தேசிய விருதும் வாங்கினார். ஆனால் குருகுலம் போகாதவர் என்பதும் பயிற்சி இல்லாதவர் என்பதும் ஒன்றல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில் இசையமைப்பாளர் பக்கத்தில் நின்று, அரை மணியில் ஒரு மெட்டை வாங்கி, தப்பினால் திரும்பப் பாடி, பதிந்ததைக் கேட்டு, வருடக்கணக்காக இதையே தினமும் செய்தவரைவிட அதிகம் பயிற்சி பெற்றவர் யார்? அவரைச் சாக்காகக் காட்டி நாம் சரளி வரிசையைத் தட்டிக்கழிக்க முடியாது.

எனக்குத் தெம்பு தருகிறவர் கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி சீனிவாசய்யர். இயற்கையில் இழையும் சாரீரம் அவருக்கு வாய்க்கவில்லை. மூக்கொலி கலந்த, கரகரத்த குரல். அசுர சாதகத்தால் அதைத் தன் வழிக்குக் கொண்டுவந்து 1947இல், நாற்பது வயதுகூட நிறையாதபோது, சங்கீத கலாநிதி விருது பெற்றார். குரல் கடைசிவரை இனிக்கவில்லை. சொன்ன பேச்சு கேட்டது.

அந்த அளவுக்குப் போகிற எண்ணம் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு எது வரும், எது வராது? சுரம் பிடிப்பது வரும். தாளத்தோடு நிற்பது வரும். மூச்சு எங்கே எடுப்பது என்று தெரியும், வார்த்தை நடுவில் முறியாது. மேலே ரெண்டு மூணு சுரம் கூடுதலாகத் திறக்கும். குரலின் தன்மை அதிகம் மாறாது. மெல்லிசான குரல் மெல்லிசாகவே இருக்கும், ஆனால் நடுங்காது. சுரங்களை வேகமாக உருட்டுகிற பிருகா எனக்கு வரவில்லை. சின்ன வயதில் விழுந்தால்தான் உண்டு என்பது டீச்சர் கட்சி. அதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை, ஆனால் மறுத்துச் சொல்ல என்னிடம் பிருகாவும் இல்லை.

யாராவது இப்போது கிளாஸ் தேடுகிறீர்கள் என்றால், ஃபீஸ் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்டுவிடுங்கள்: என் சுருதியில் சொல்லித் தருவீர்களா? முக்கால்வாசி கிளாஸ் பெண் குழந்தைகளுக்காக நடப்பவை. சுருதிப்பெட்டி ஐந்து, ஐந்தரையில் நிற்கும். அதில் வளர்ந்த ஆண் போய் உட்கார்ந்தால் மேலேயும் எட்டாது, ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடினால் கீழேயும் காற்றுதான் வரும். போதாததற்கு, பெண் குரலில் கேட்டதை ஆண் குரலில் எங்கே வைப்பது என்ற குழப்பம் வேறு. ஆன்லைன் கிளாஸிலும் இதே கதைதான், அங்கே சத்தம் தாமதமாக வருவதால் சேர்ந்து பாடவும் முடியாது. என் டீச்சர் கடைசிப் பத்து நிமிஷத்தை எனக்கென்று ஒதுக்கி, பெட்டியை ஒன்றாம் கட்டைக்கு இறக்கி, தானும் மந்திரஸ்தாயியில் இறங்கிச் சிரமப்பட்டுப் பாடிக் காட்டுவார். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், ஒரு நல்ல ஆண் பாடகரின் பாடப் பதிவையும் போனில் ஒரு தம்பூராவையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே தொடங்கலாம். ரிஷபம் ஏறுகிறதா என்று சொல்வதற்கு மட்டும் வாரம் ஒருமுறையாவது இன்னொரு காது வேண்டும். அதற்குக் கூச்சப்படாத ஒரு நண்பர் போதும்.